கல்லீரல் அறுவையில் இரத்த ஓட்டத்தை நிறுத்தும்போது: டெல்லிக்குச் சிகிச்சைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லீரலில் கட்டி உள்ள பகுதியை வெட்டி எடுக்கும் அறுவைக்கு ஒப்புதல் வாங்க வரும் மருத்துவர், "இரத்தம் அதிகம் போகாமல் இருக்க, கல்லீரலுக்கு வரும் குழாய்களைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிப்போம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவார். கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கோ அந்த ஒரு வரிதான் இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். டெல்லியில் மயக்க மருத்துவராக இருக்கும் என்னிடம், ஊரிலிருந்து வந்து கரோல் பாகிலோ ஆர்.கே.புரத்திலோ உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களும், எய்ம்ஸைச் சுற்றியுள்ள கௌதம் நகர், யூசுப் சராய் அறைகளில் தங்கியிருப்பவர்களும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இரத்தத்தை நிறுத்தினால் கல்லீரல் செத்துப்போகாதா? எவ்வளவு நேரம் தாங்கும்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழாயை இறுக்கும் அந்த நிமிடங்களை நினைத்து மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. அவற்றைக் கணக்குப் பார்க்க அறுவை அரங்கில் ஆள் இருக்கிறது. பாதிப்பு எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அறுவைக்கு முன்பே அந்தக் கல்லீரல் என்ன நிலையில் இருந்தது என்பதுதான். பாதிப்பு வெளியே தெரியவருவதோ அறுவைக்குப் பிந்தைய முதல் ஐந்து நாட்களில். இந்த இரண்டு இடங்களிலும் குடும்பத்தினர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் வருகிறது. இதயம் வெளியே அனுப்பும் இரத்தத்தில் இது கிட்டத்தட்ட கால் பங்கு. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் போர்ட்டல் சிரை இதில் முக்கால் பங்கைக் கொண்டுவருகிறது. மீதியைக் கல்லீரல் தமனி கொண்டுவருகிறது. ஆக்சிஜனை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி. இவை இரண்டும் பித்தக்குழாயும் சேர்ந்து ஒரே சவ்வு மடிப்புக்குள் கல்லீரலை அடைகின்றன. அந்த மடிப்பைப் பிடித்து அழுத்தினால் கல்லீரலுக்கு வரும் இரத்தம் நின்றுவிடும். அடிபட்டுக் கிழிந்த கல்லீரலில் இரத்தப் போக்கைக் கட்டுப்படுத்த இதைச் செய்யலாம் என்று 1908இல் எழுதியவர் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள். இன்றும் இந்த முறைக்கு அவர் பெயர்தான். உங்கள் கோப்பிலும் 'பிரிங்கிள்' என்றே இருக்கும்.

இன்று விரலால் அழுத்திப் பிடிப்பதில்லை. அந்த மடிப்பைச் சுற்றி ஒரு பருத்தி நாடாவைக் கோத்து, அதன் இரு முனைகளையும் விரல் நீள ரப்பர் குழாய் ஒன்றுக்குள் இழுத்து, குழாயைக் கீழே தள்ளி ஒரு கவ்வியால் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நொடியில் செவிலியர் சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் நேரத்தை எழுதுகிறார். நான் மானிட்டரில் கடிகாரத்தை ஓடவிடுகிறேன். செங்கல் நிறத்தில் இருந்த கல்லீரல் சிறிது நேரத்தில் கருநீலம் பாய்ந்ததுபோல மங்குகிறது. பத்து நிமிடம் ஆனதும் குரல் கொடுக்கிறோம், பதினைந்து ஆனதும் மீண்டும் குரல் கொடுக்கிறோம், கவ்வி தளர்கிறது. நிறம் ஒரே சீராகத் திரும்புவதில்லை, திட்டுத் திட்டாகத்தான் திரும்புகிறது. ஐந்து நிமிடம் இரத்தம் ஓடவிட்டு, வெட்டிய பரப்பைப் பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்து, பிறகு மீண்டும் இறுக்குகிறார்கள். பல மையங்களில் வழக்கம் இந்தப் பதினைந்து, ஐந்து கணக்குதான்.

ஏன் ஒரே தடவையாக இறுக்கி வேலையை முடித்துவிடுவதில்லை? 1999இல் பிரான்ஸில் ழாக் பெல்கிட்டி குழுவினர் இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விட்டு விட்டு இறுக்கும்போது வெட்டும் நேரத்தில் சற்றுக் கூடுதலாக இரத்தம் போனாலும், கல்லீரல் அதை நன்றாகத் தாங்குகிறது என்பதும், ஏற்கெனவே கொழுப்போ நாள்பட்ட நோயோ உள்ள கல்லீரலில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது என்பதும் அதில் வெளிப்பட்டன. ஆரோக்கியமான கல்லீரல் தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் வரை தாங்கும் என்றும், சிரோசிஸ் என்னும் தழும்பேறும் நோய் வந்து சுருங்கிய கல்லீரலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. விட்டு விட்டு இறுக்கினால் மொத்த நேரம் இதைவிட நீளலாம்.

பாதிப்பு இரண்டு கட்டங்களில் நிகழ்கிறது. இரத்தம் நின்றிருக்கும்போது உயிரணுக்களின் ஆற்றல் இருப்பு தீர்கிறது, சோடியத்தை வெளியே தள்ளும் விசைகள் ஓய்கின்றன, நீர் புகுந்து அணுக்கள் வீங்குகின்றன, அமிலம் சேர்கிறது. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். பலருக்கு வியப்பாக இருப்பது, இரத்தம் திரும்பும்போதுதான் சேதத்தின் பெரும்பகுதி நிகழ்கிறது என்பது. வற்றிய வாய்க்காலில் மடையைத் திறந்தால் முதல் தண்ணீர் குப்பையையும் மண்ணையும் புரட்டிக்கொண்டு வருவதுபோல, திரும்பி வரும் ஆக்சிஜன் அங்கே தேங்கிக் கிடந்த வேதிப்பொருட்களோடு வினைபுரிந்து, அணுக்களை அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. கல்லீரலுக்குள்ளேயே குடியிருக்கும் காவல் அணுக்களான குப்ஃபர் அணுக்கள் இதனால் தூண்டப்பட்டு, அழற்சியைக் கிளப்பும் பொருட்களைச் சுரக்கின்றன. முதல் ஆறு மணி நேரம் இவற்றின் காலம். அதன் பிறகு, ஏறத்தாழ இரண்டாம் நாள் முடியும் வரை, வெள்ளணுக்கள் வந்து நுண்குழாய்களின் சுவரில் ஒட்டிச் சேதத்தைப் பெருக்குகின்றன. அறுவை முடிந்த அன்று மாலை "எல்லாம் நன்றாக நடந்தது" என்று மருத்துவர் சொல்லியிருக்க, மறுநாள் இரத்தப் பரிசோதனையில் எண்கள் ஏறியிருப்பதற்குக் காரணம் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை; பாதிப்பு தன் கால அட்டவணைப்படி வெளிப்படுகிறது.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்: உங்கள் கையில் இருப்பவை

முதலில் கொழுப்பு. கொழுப்பு நிறைந்த அணுக்கள் பருத்து, அவற்றுக்கிடையே ஓடும் நுண்குழாய்களை நெருக்குகின்றன; இரத்தம் நின்று திரும்பும்போது அந்தக் குழாய்களில் பல மீண்டும் திறப்பதே இல்லை. சர்க்கரை நோயும் தொந்தியும் உள்ள நம்மவர்களில் கொழுப்புக் கல்லீரல் மிகச் சாதாரணம், ஒல்லியாக இருப்பவர்களிடமும் உண்டு. எனவே ஸ்கேன் அறிக்கையில் 'கொழுப்பு உள்ளது' என்று மட்டும் இருந்தால் போதாது. எவ்வளவு என்று கேளுங்கள். ஃபைப்ரோஸ்கேன் அளவீடோ எம்.ஆர்.ஐ.யோ அதை எண்ணாகத் தரும். அறுவைக்கு முன் ஒரு வாரம் கலோரி குறைந்த உணவு உண்டவர்களுக்கு அறுவையின்போது இரத்தப் போக்கு குறைந்தது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரத்தப் போக்கு குறைந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய நேரமும் குறைய வாய்ப்பு உண்டு. கல்லீரலில் ஒரு பகுதியைத் தானம் செய்ய முன்வருபவருக்குக் கொழுப்பு இருந்தால், சில வாரங்கள் உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் கொடுத்து மீண்டும் அளந்து பார்ப்பது வழக்கம். ஆனால் இதை மருத்துவமனை உணவியலாளரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் அடுத்து வருபவர்களுக்கு இதற்கு நேர் எதிரான அறிவுரை தேவை.

சிரோசிஸ் உள்ளவர்களும் எடை குறைந்து மெலிந்தவர்களும் பட்டினி கிடக்கவே கூடாது. நம் வீடுகளில் 'கல்லீரல் நோய்' என்ற சொல் காதில் விழுந்ததுமே மஞ்சள் காமாலைப் பத்தியத்தைத் தொடங்கிவிடுகிறோம்: பருப்பு கூடாது, முட்டை கூடாது, கஞ்சியும் இளநீரும் போதும். அன்பினால் செய்வதுதான், ஆனாலும் அது தசையைக் கரைத்து, அறுவையைத் தாங்கும் வலிமையைப் பறித்துவிடுகிறது. இவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 72 முதல் 90 கிராம். முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், பனீர், மீன், அவரவர் வழக்கப்படி எதுவானாலும் சரி. இரவு நெடுநேரம் வெறும் வயிற்றோடு இருப்பதும் இவர்களுக்கு ஆகாது என்பதால், படுக்கும் முன் சிறிதளவு உண்ணக் கொடுங்கள்.

அடுத்தது மூலிகை மருந்துகள். கொரோனா காலத்தில் டெல்லியில் வீட்டுக்கு வீடு கிலோய் குடித்தார்கள். அது நம் சீந்தில் கொடிதான். சீந்தில், அமுக்கரா என்கிற அஸ்வகந்தா, எடை குறைப்பதற்கென்று விற்கப்படும் குடம்புளிச் சாற்று மாத்திரை ஆகியவற்றால் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கீழாநெல்லியோ வேறு எதுவோ, எடுத்துக்கொள்வது எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். டப்பாவையும் பொட்டலத்தையும் அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள். பெயர் இல்லாத பொடி என்றால், 'பெயர் தெரியாத பொடி, இத்தனை மாதமாக' என்று சொன்னாலே அது பயனுள்ள தகவல்தான்.

மதுவைப் பற்றி ஒரு வேண்டுகோள். மனைவியும் மாமியாரும் பிள்ளைகளும் சூழ்ந்து நிற்கும்போது "எப்போதாவது குடிப்பீர்களா?" என்று கேட்டால், எந்தப் பெரியப்பாவும் "இல்லை" என்றுதான் சொல்வார். இரண்டு நிமிடம் அவரை மருத்துவரோடு தனியே விடுங்கள். அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே மதுவை அறவே விட்டிருக்க வேண்டும். விடும்போது கை நடுக்கமோ பிதற்றலோ வந்தால் வீட்டிலேயே சமாளிக்க முயலாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, கீமோதெரபி எடுத்த பின் அறுவைக்கு வருபவர்கள், எந்த மருந்தை எத்தனை சுற்று எடுத்தார்கள், கடைசிச் சுற்று என்றைக்கு என்ற தாளைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். ஆக்சாலிப்ளாட்டின் கல்லீரலின் நுண்குழாய்களைச் சேதப்படுத்தும். இரினோடிகன் கொழுப்பழற்சியை உண்டாக்கும். இரண்டுமே இரத்தம் நின்று திரும்புவதைத் தாங்கும் திறனைக் குறைக்கின்றன. பெரும்பாலும் கடைசிச் சுற்றுக்கும் அறுவைக்கும் இடையே நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி விடுவார்கள். சென்னையிலோ மதுரையிலோ கீமோ எடுத்துவிட்டு அறுவைக்கு டெல்லி வரும்போது இந்தத் தாள் ஊரிலேயே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறும் முன்பே பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். டெல்லி மருத்துவமனைகளில் கேரளத்துச் செவிலியர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் புரியும், உதவவும் செய்வார்கள். ஆனால் ஒப்புதலுக்கான விளக்கத்தை அறுவை மருத்துவர் சொல்ல, யாரேனும் ஒருவர் வரிக்கு வரி தமிழில் நோயாளியிடம் சொல்வதுதான் முறை. வீட்டில் நன்றாக இந்தி பேசும் பிள்ளையே அதைச் செய்யலாம். கெட்ட செய்தியை மட்டும் விழுங்கிவிடக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: "டாக்டர், வெட்டி எடுத்த பிறகு எத்தனை சதவீதம் கல்லீரல் மிஞ்சும்?" சி.டி. ஸ்கேனிலிருந்து இதைக் கணக்கிட்டிருப்பார்கள். ஆரோக்கியமான கல்லீரலில் 20 முதல் 25 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். பல சுற்று கீமோ எடுத்தவருக்கு 30. சிரோசிஸ் உள்ளவருக்கு 40. மிஞ்சும் பகுதி சிறியதாக இருந்தால், இரத்த ஓட்டம் நின்று திரும்பும் பாதிப்பு முழுவதையும் அந்தச் சிறு பகுதியே சுமக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு, எடுக்கப்போகும் பக்கத்துப் போர்ட்டல் சிரையை முன்கூட்டியே அடைத்து, மறுபக்கம் சில வாரங்களில் வளர்ந்த பிறகு அறுவை செய்வதுண்டு. "அது இவருக்குத் தேவைப்படுமா?" என்று கேளுங்கள்.

அடுத்து, "குழாய்களை இறுக்குவது என்று ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறீர்களா, தேவைப்பட்டால் மட்டும்தானா? இறுக்கினால் தொடர்ச்சியாகவா, விட்டு விட்டா?" என்று கேட்கலாம். இன்று பல அறுவைகள் இறுக்காமலேயே முடிகின்றன. வெட்டும் பக்கத்தின் குழாய்களை மட்டும் இறுக்கி, மிஞ்சும் பக்கத்துக்கு இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்படி செய்வதும் உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்ச வேண்டாம். விவரம் தெரிந்து கேட்பவரிடம் விரிவாகப் பேச எங்களில் பெரும்பாலோர் விரும்புகிறோம்.

"பாதிப்பு வராமல் தடுக்க ஊசி ஏதும் உண்டா, விலை அதிகமானாலும் பரவாயில்லை" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு முதல் பலவகை மருந்துகள் சோதிக்கப்பட்டுள்ளன. எல்லோருக்கும் கட்டாயம் கொடுக்கலாம் என்று நிலைநாட்டப்பட்ட மருந்து எதுவும் இன்றைக்கு இல்லை. முதலில் பத்து நிமிடம் இறுக்கி, பத்து நிமிடம் தளர்த்தி, கல்லீரலைப் பழக்கிவிட்டுப் பிறகு நீண்ட நேரம் இறுக்கும் முறையும் இருக்கிறது. நாய்களின் இதயத்தில் இந்த விளைவு 1986இலேயே கண்டறியப்பட்டது. கல்லீரலில் அதன் பலன் எல்லா ஆய்வுகளிலும் ஒரே மாதிரி வரவில்லை. ஆகவே கடன் வாங்கி ஊசி தேட வேண்டாம்.

அறுவை நடக்கும்போது

வெளியே காத்திருப்பவர்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை. இரத்த வங்கியில் கேட்ட அளவு இரத்தத்துக்கு ஏற்பாடு ஆகிவிட்டதா என்பதை முந்தைய நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இரத்தம் கொடுக்க ஆள் கிடைப்பது கடினம் என்பதால், ஆர்.கே.புரம், மயூர் விகார் பக்கத்து உறவினர், நண்பர்களிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். உள்ளே என் வேலைகளில் ஒன்று, வெட்டி முடிக்கும் வரை பெரிய சிரைகளில் அழுத்தத்தைத் தாழ்வாக, 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே வைத்திருப்பது. வரும் குழாயை இறுக்கினாலும், இதயத்துக்குத் திரும்பிச் செல்லும் சிரைகள் வழியே இரத்தம் பின்னோக்கிக் கசியும் என்பதால் இது தேவை. அதற்காக நரம்பு வழித் திரவத்தைக் குறைத்துத்தான் கொடுப்போம். அறுவை முடிந்து வரும்போது உதடு வறண்டிருந்தால் "ஒரு பாட்டில்கூட ஏற்றவில்லையா?" என்று பதற வேண்டாம்.

முதல் ஐந்து நாட்கள்

ஒரு குறிப்பேட்டில் நாள் வாரியாகக் கட்டம் போட்டு, ஆறு எண்களை எழுதி வாருங்கள்: எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிலிருபின், ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு), லாக்டேட், பாஸ்பரஸ். எல்லா நாளும் எல்லாப் பரிசோதனையும் செய்யமாட்டார்கள், செய்தவற்றை எழுதினால் போதும். தனித்தனி எண்ணைவிட அவை போகும் திசைதான் முக்கியம்.

எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் சேதமான அணுக்களிலிருந்து கசிந்து வரும் நொதிகள். இயல்பாக 40ஐ ஒட்டி இருப்பவை முதல் நாளோ இரண்டாம் நாளோ சில நூறுகளுக்கு ஏறும். குடும்பத்தினர் மிகவும் பயப்படுவது இவற்றைப் பார்த்துத்தான். ஆனால் எத்தனை அணுக்கள் காயப்பட்டன என்பதை மட்டுமே இவை சொல்கின்றன. மிஞ்சிய கல்லீரல் வேலை செய்கிறதா என்பதைச் சொல்வதில்லை. இரண்டாம் நாளுக்குப் பின் இறங்கத் தொடங்கினால் நல்லது. எஸ்.ஜி.ஓ.டி. வேகமாக இறங்கும், எஸ்.ஜி.பி.டி. மெதுவாக இறங்கும்; இரத்தத்தில் ஒன்றின் அரை ஆயுள் ஏறத்தாழ 17 மணி நேரம், மற்றதன் அரை ஆயுள் 47 மணி நேரம். எனவே ஒன்று குறைந்து மற்றது நின்றால் குழம்ப வேண்டாம். இறங்கத் தொடங்கிய பின் மறுபடியும் ஏறினாலோ, ஆயிரங்களில் போனாலோ, தமனியிலும் சிரையிலும் இரத்தம் சரியாக ஓடுகிறதா என்று டாப்ளர் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். "டாப்ளர் பார்த்தாயிற்றா?" என்று அப்போது நீங்களே கேட்கலாம்.

லாக்டேட் எனப்படும் அமிலத்தை இரத்தத்திலிருந்து அகற்றும் பெரும் வேலை கல்லீரலுடையது. அறுவை முடிந்ததும் அது உயர்ந்திருப்பது இயல்பு. முதல் ஒரு நாளுக்குள் 2ஐ நோக்கி இறங்கி வந்தால், மிஞ்சிய பகுதி விழித்துக்கொண்டது என்று நாங்கள் நிம்மதி அடைவோம். பாஸ்பரஸ் இரண்டாம், மூன்றாம் நாளில் குறையும். வளரத் தொடங்கிய கல்லீரல் அதை இழுத்துக்கொள்கிறது என்பதால் இது நல்ல சகுனம்தான், எனினும் அதை ஊசி வழியே ஈடுசெய்வார்கள்.

என்னைக் கேட்டால், குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுத வேண்டியவை பிலிருபினும் ஐ.என்.ஆரும். கல்லீரல் உண்மையிலேயே உழைக்கிறதா என்பதைக் காட்டுபவை இவைதாம்: பித்தத்தை வெளியேற்றும் வேலைக்கு ஒன்று, இரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்யும் வேலைக்கு மற்றொன்று. முதல் மூன்று நாளில் இரண்டும் சற்று ஏறுவது, கல்லீரல் தானம் செய்த ஆரோக்கியமானவரிடமும் உண்டு. ஐந்தாம் நாளில் எங்கே நிற்கின்றன என்பதுதான் கேள்வி. ஐந்தாம் நாளிலோ அதற்குப் பின்னரோ இரண்டும் உயர்ந்து நின்றால் அதைக் கல்லீரல் செயலிழப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2011இல் பன்னாட்டு அறுவை மருத்துவக் குழு ஒன்று வரையறுத்தது. அதற்கு முன்பே, 2005இல் வெளிவந்த மற்றொரு அளவுகோல், ஐந்தாம் நாளில் பிலிருபின் ஏறத்தாழ 3 மில்லிகிராமுக்கு மேலும், இரத்தம் உறையும் திறன் இயல்பில் பாதிக்குக் கீழும் இருந்தால் உயிருக்கு ஆபத்து மிகவும் கூடுகிறது என்று காட்டியது. ஐந்தாம் நாள் காலை அறிக்கையை எப்படியாவது கேட்டு வாங்கிப் பாருங்கள். முதல் நாள் எண்ணைப் பார்த்து அழுதுவிட்டு, ஐந்தாம் நாள் எண்ணைப் பார்க்காமலேயே அறைக்கு மாறியதில் மகிழ்ந்து இருந்துவிடுவது நான் பலமுறை பார்த்த ஒன்று.

வலி மருந்திலும் கவனம் வேண்டும். பாராசிட்டமால் ஊசியாக ஏறிக்கொண்டிருக்கும்போது, காய்ச்சலாக இருக்கிறதே என்று பையிலிருந்து குரோசினோ டோலோவோ எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே மருந்து. மருத்துவரிடம் கேட்காமல் வேறு வலி மாத்திரைகளையும் கொடுக்கக் கூடாது, அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

தமிழ் மட்டும் பேசும் நோயாளியின் அருகில் இருப்பவருக்கு

இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் டெல்லியில் இது நம்மவர்களைப்போல இந்தி தெரியாதவர்களுக்கு உள்ள ஆபத்து. கல்லீரல் வேலை நிறுத்தத் தொடங்கும்போது, கழிவுப் பொருட்கள் மூளையை எட்டி, முதலில் மனத் தெளிவைக் குலைக்கும். பகலில் உறங்கி இரவில் விழித்திருத்தல், எளிய கணக்கில் தடுமாற்றம், நாளும் கிழமையும் மறத்தல், இயல்புக்கு மாறான எரிச்சல்: இவையே தொடக்க அறிகுறிகள். செவிலியர் ஒவ்வொரு பணி நேரத்திலும் நோயாளியிடம் பெயர், இடம், நாள் கேட்டு இதைச் சோதிப்பார். நோயாளி உங்கள் அத்தை, அவருக்கு இந்தி தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி புரியாமல் அவர் பேசாமல் இருந்தால் அது குழப்பம் என்று பதிவாகலாம்; அதைவிடக் கெடுதலாக, உண்மையிலேயே குழம்பிப்போய்ப் பேசாமல் இருப்பதை, 'பாஷை தெரியாதவர்' என்று விட்டுவிடலாம்.

அதனால் பார்வையாளர் நேரத்தில் ஒருவர் தமிழில் இதைச் செய்யுங்கள். இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லுங்கள். படிக்காதவர் என்றால் காய்கறிக் கடைக் கணக்கு ஒன்றைக் கேளுங்கள். ஒரு தாளில் தினமும் பெயரை எழுதச் சொல்லி, பேரப்பிள்ளைகளின் பெயரையும் எழுதச் சொல்லி, நாளைக் குறித்து வையுங்கள். எழுத்து நாளுக்கு நாள் கோணலானால் அது பேச்சைவிட முன்னதாகக் காட்டிக்கொடுக்கும். இரு கைகளையும் நீட்டி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துகிற மாதிரி மணிக்கட்டை மேலே வளைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கை அடிக்கடி தொய்ந்து தொய்ந்து மீண்டால் உடனே செவிலியரிடம் காட்டுங்கள். அறுவைக்கு முந்தைய நாளே ஒருமுறை இவற்றைச் செய்து வைத்திருந்தால், அவருடைய இயல்பு எது என்று ஒப்பிட முடியும். "தூக்க மருந்தினால்தான் இப்படி" என்று யாரேனும் சொன்னால், "எந்த மருந்து, எப்போது கொடுத்தீர்கள்?" என்று பணிவாக ஆனால் விடாமல் கேளுங்கள். அந்தக் குழப்பத்தை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் அவருடைய மொழியில் பேசும் நீங்கள்தான்.

உறுப்பு மாற்று என்றால்

இந்தியாவின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று அறுவை 1998 நவம்பரில் டெல்லியில்தான் நடந்தது; காஞ்சிபுரத்திலிருந்து வந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. உறுப்பு மாற்றில் இரத்த ஓட்டம் நிற்பது தவிர்க்கவே முடியாத ஒன்று. எடுத்த பகுதியை, அணுக்களின் தேவையைக் குறைக்க, சிறப்புக் கரைசலால் கழுவி ஏறத்தாழ 4 டிகிரிக் குளிரில் வைப்பார்கள். பக்கத்து அரங்கிலேயே தானம் நடக்கும்போது இந்தக் குளிர் நேரம் குறைவு. மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரல் வேறு நகரத்திலிருந்து வந்தால் மணிக்கணக்கில் நீளும். 12 மணி நேரத்துக்குள் பொருத்திவிடப் பார்ப்பார்கள். கவ்விகளை விடுவிக்கும் கணத்தில் பெறுபவரின் இரத்த அழுத்தம் சில நிமிடம் கடுமையாகச் சரியலாம். அதை எதிர்பார்த்து மருந்துகளை ஏற்றி வைத்துக்கொண்டுதான் நாங்கள் நிற்கிறோம். முதல் ஏழு நாளில் நொதிகள் 2000ஐத் தாண்டினாலோ, ஏழாம் நாளில் பிலிருபின் 10ஐத் தொட்டாலோ, ஐ.என்.ஆர். 1.6ஐ எட்டினாலோ புதிய கல்லீரல் தடுமாறுகிறது என்று கொள்வார்கள்.

தானம் செய்தவரை மறந்துவிடாதீர்கள். குடும்பமே தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்க, தானம் செய்த அண்ணியோ தம்பியோ வார்டில் தனியே படுத்திருப்பார். அவருக்கும் அதே குறிப்பேடு, அதே ஐந்தாம் நாள் பரிசோதனை.

வீட்டுக்குப் போகும்போது

மருத்துவமனைச் சுருக்கத்தோடு, அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் 'பிரிங்கிள் நேரம்' என்று 15+15+10 போன்ற ஒரு வரி இருக்கும். எவ்வளவு இரத்தம் போனது, எவ்வளவு ஏற்றினார்கள் என்பதும் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் கல்லீரலில் அறுவை தேவைப்பட்டால், அதைச் செய்யப்போகும் மருத்துவர் முதலில் கேட்பவற்றில் இதுவும் ஒன்று. தையல் பிரித்த அன்றே ரயிலேறாமல், முதல் மறுபரிசோதனை வரை டெல்லியிலேயே தங்குங்கள். கண் மஞ்சளாதல், காய்ச்சல், வயிறு உப்புதல், கறுத்த மலம், வெளிறிய மலம், பகல் உறக்கம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஊர் திரும்பிய பின் பரிசோதனைகளைத் தொடரப்போகும் உள்ளூர் மருத்துவரின் பெயரையும் எண்ணையும் டெல்லிக் குழுவிடம் கொடுத்து, எந்தப் பரிசோதனை எந்த வாரம், எந்த எண்ணைத் தாண்டினால் யாரை அழைப்பது என்பதைச் சுருக்கத்தின் கடைசிப் பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.